உலக்கையில் கட்ட ஒரு தவளை

நாற்பத்திரண்டு வயது வரை சாலம்மாள் யாரையும் முகத்துக்கு நேரே ஏசியதில்லை. கல்யாணமான புதிதில் மாமியார் சோற்றுப் பானையை ஒளித்து வைத்தபோதும் சரி, களத்தில் கூலி நெல்லை மரக்காலின் தலை தட்டிக் குறைத்து அளந்தபோதும் சரி, பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவாள். "இன்னாடி, சாலா வாயில கொழுக்கட்டையா?" என்று நடவுப் பெண்கள் கேலி செய்வார்கள். அதற்கும் ஒரு சிரிப்புதான். அப்படிப்பட்டவள் ஒருநாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, ஊரே பார்க்க, இரண்டு பெரிய மனிதர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்டாள். எதற்கென்று சொன்னால் சிரிப்பீர்கள். தவளைகளுக்காக! சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையைப் பார்த்துப் போகிற சாலையில், மலை எட்டிப் பிடிக்கிற தூரத்துக்கு வரும் இடத்தில், அத்திக்குட்டை என்று ஓர் ஊர். ஊருக்கும் காலனிக்கும் நடுவே இருக்கும் குட்டையால் வந்த பேர் அது. முதல் மழை விழுந்ததும் எங்கெங்கோ மண்ணுக்கடியில் கிடந்த பெரிய தவளைகளெல்லாம் அந்தக் குட்டைக்குத்தான் வரும். கிழங்கு மாதிரி மண்நிறத்தில் கிடந்த ஆண் தவளைகள் ஒரே நாளில் மஞ்சள் பூசிக்கொள்ளும். தொண்டைக்கு இரண்டு பக்கமும் நீலப்பை உப்பும். பட்டப்பகலில், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, பெண் கேட்டுக் கத்தும்.

அந்தக் கத்தலை அப்படியே கத்துவாள் சாலம்மாள். சிறுமியாக வரப்பில் ஆடு ஓட்டியபோது விளையாட்டாக வந்த வித்தை. கையைக் குவித்து, அடித்தொண்டையிலிருந்து அவள் ஒரு குரல் கொடுத்தால் போதும். சேற்றுக்குள் பதுங்கிக் கிடக்கிற தவளைகூட, யாரோ போட்டிக்கு வந்துவிட்டான் என்று எதிர்க்குரல் கொடுக்கும், கிட்டே வரும். நடவு நடும்போது அலுப்பு தீர, "சாலா, ஒரு கொரலு குடேன்!" என்று கேட்டு, வயலே பதில் சொல்வதைக் கேட்டுப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்தக் குரலுக்குத்தான் விலை வைத்தான் பச்சமுத்து.

எண்பத்து மூன்றாம் வருஷம் அவன் அத்திக்குட்டைக்கு வந்தான். சின்னசேலத்தில் ரயிலடிக்குப் பின்னால் கொட்டகை போட்டிருந்த தவளை ஏஜெண்டு. வெள்ளை வேட்டி, கையில் டார்ச்சு லைட்டு. வயலில் கத்துகிற பெரிய தவளையைப் பிடித்துச் சாக்கில் கட்டிக் கொடுத்தால் கையில் காசு. அதன் காலைப் பிரான்சில் வெள்ளைக்காரன் தின்கிறானாம். காலனியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரித்துவிட்டுச் சாக்கைத் தேடியது. சாலம்மாளின் புருஷன் அம்மாசிக்கு ஆற்று மீனையே வெறுங்கையால் பிடிக்கிற கை. பொழுது சாய்ந்ததும் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு இருவரும் இறங்குவார்கள். அவள் கூப்பிடுவாள். தவளை பதில் சொல்லும். பதில் சொன்ன இடத்தில் அம்மாசியின் கை விழும்.

முதல்நாள் அவளுக்கு என்னவோ போலிருந்தது. நம்பி வந்ததைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று ஓரகத்தி இருசம்மாளிடம் சொன்னாள்.

"அட போக்கா! தவளைய புடிச்சா கொறஞ்சா பூடும்? அது மழையோட வர்றது. மழை பெய்யற வரைக்கும் தவளையும் பெய்யும்," என்றாள் இருசம்மாள்.

ஊரே அப்படித்தான் நம்பியது. நெல்லை விதைத்தால்தான் நெல்; தவளைக்கு யார் விதை போட்டது? வானம் கொடுக்கிறது, வானம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த நம்பிக்கையில் மூன்று வருஷம் சாக்குச் சாக்காகப் போயிற்று. அரிசிச் சோறு வந்தது, தீபாவளிக்குத் துணி வந்தது. முட்டையிட வந்த தாய்த் தவளையும் சாக்கில்தான் போயிற்று. யாருக்கும் உறைக்கவில்லை.

மூன்றாம் வருஷத்துச் சம்பாவில் வயல் ஊமையாகிவிட்டது. சாலம்மாள் கையைக் குவித்துக் கூப்பிட்டாள். அவள் குரல் மட்டும் போய், அவளிடமே திரும்பி வந்தது.

அந்தப் போகம்தான் பூச்சியும் வந்தது. நெல்லின் தூருக்குள் புகையான் அப்பிக்கொண்டது. வட்டம் வட்டமாகப் பயிர் கருகியது. பத்து காணிக்குச் சொந்தக்காரரான ராமசாமி, கள்ளக்குறிச்சியிலிருந்து விவசாய ஆபீசரைக் கூட்டி வந்தார். சாலம்மாள் அப்போது வரப்பில் புல்லறுத்துக்கொண்டிருந்தாள். ஆபீசர் நல்ல மனுஷன். தூரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல தவளை பிடிக்கிறாங்களா?" என்று கேட்டார். ராமசாமி பெருமையாகத் தலையாட்டினார். ஆபீசர் கையை உதறினார். "இதுக்கு வேலைக்காரன் வயல்லயே இருந்தான் சார். ராத்திரி பூரா தின்னுக்கிட்டு இருந்தான். அவனைச் சாக்குல கட்டி அனுப்பிட்டு என்னைக் கூப்பிடறீங்களே!"

ராமசாமி அந்த ஆபீசர் ஜீப் ஏறுகிற வரை காத்திருந்து சிரித்தார். மறுநாள் மருந்து டப்பாக்கள் வந்தன. அடிக்க ஆள் வேண்டும். தவளை போய்விட்டதால் அம்மாசி சும்மாதானே இருந்தான்?

அம்மாசி வெற்றுடம்போடு மருந்தடித்தான். வாளியில் கையை விட்டே கலக்கினான். காற்று எதிரே அடித்தது. மூன்றாம் நாள் வரப்பிலேயே வாயில் நுரை தள்ளி விழுந்தான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். சாலம்மாள் மாரியம்மனுக்குக் கும்பிடு போட்டு அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வந்த மூன்றாவது வாரம், காலையில் கண் விழித்தவனால் எழ முடியவில்லை. "காலு எங்கடி போச்சு? காலு இருக்குதாடி?" என்று அலறினான். கால் இருந்தது. உயிர்தான் இல்லை. விஷம் நரம்புக்குள் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். ஆற்று மீனை விரட்டிப் பிடித்தவன் கயிற்றுக் கட்டிலோடு கிடந்தான். அவனைத் தூக்கி வெளிக்கு வைப்பதும், கழுவுவதும், திரும்பக் கிடத்துவதும் அவள் வேலையாயிற்று.

அப்போதும் அவள் யாரையும் ஏசவில்லை. விதி என்றாள். பாழாய்ப்போன விதி! எத்தனை பேர் செய்த பாவத்தை அந்த ஒரு சொல்லுக்குள் மூட்டை கட்டி வைத்திருக்கிறோம் நாம்!

எண்பத்தாறில் மழை பொய்த்தது. ஆடி போய் ஆவணியும் காய்ந்தது. மழை கேட்டு உலக்கை தூக்குவது என்று பெண்கள் முடிவு செய்தார்கள். அந்த ஊரின் வழக்கம் அது. ஒரு தவளையை வேப்பிலையில் சுற்றி உலக்கையின் நடுவில் கட்டி, இரண்டு பெண்கள் இரண்டு முனையைத் தோளில் வைத்துத் தெருத்தெருவாகப் போவார்கள். அன்றைக்கு மட்டும் காலனிப் பெண்கள் ஊர்த்தெருவின் வாசல்களில் நிற்கலாம். வீட்டுக்காரி மறுக்காமல் ஒரு குடம் தண்ணீரைத் தவளைமேல் ஊற்ற வேண்டும். தண்ணீர் பட்டதும் தவளை காலை உதைக்கும். உதைத்தால் மழை நிச்சயம். முன்முனை எப்போதும் சாலம்மாள் தோளில்தான்.

உலக்கை தயார். வேப்பிலை தயார். தவளை?

இரண்டு நாள் தேடினார்கள். கிணற்றடி, வாய்க்கால், வாழைத்தூர், கோயில் குழாயடி என்று ஓரிடம் விடவில்லை. காலனிக் குடிசைகளின் பானையடியைக்கூடத் தூக்கிப் பார்த்தார்கள். ஒன்றுகூட இல்லை. சாக்குச் சாக்காக விற்ற ஊருக்கு, சாமிக்குக் கட்ட ஒரு தவளை இல்லை! கடைசியில் இருசம்மாள் பஸ் ஏறிச் சின்னசேலம் போய், பச்சமுத்துவின் கொட்டகையில் கேட்டு ஒன்று வாங்கி வந்தாள்.

"காசு கூட வாங்கலக்கா. வேப்பிலையில சுத்தி, ஈரத்துணில கட்டியே குடுத்துட்டாங்க. பிரிக்காத, ஓடிடும்னான்."

பிரிக்காமலே கட்டினார்கள். பாட்டு எடுத்தாள் இருசம்மாள்.

"வரப்பு வெடிச்சுப் போச்சு மாரியே,
வந்து எறங்கு தாயே!
ஒலக்க மேல ஒம் புள்ள கெடக்குறான்,
ஒரு சொட்டு குடு தாயே!"

ஏழெட்டு வாசலில் தண்ணீர் விழுந்தது. தவளை உதைக்கவில்லை. ராமசாமி வீட்டு வாசலில் அவர் மனைவி சின்னப்பொண்ணு குடத்தோடு வந்தாள். நல்ல மனசுக்காரி. ஒரு குடத்துக்கு இரண்டு குடமாக ஊற்றினாள். அப்போதும் அசைவில்லை.

"இன்னாடி இது, செத்துக்கித்துப் போச்சா? எறக்குங்கடி, பாக்கலாம்," என்றாள் சின்னப்பொண்ணு.

உலக்கையை இறக்கி, சாலம்மாள் துணியை அவிழ்த்தாள். வேப்பிலையை விலக்கினாள்.

தவளைக்குக் கண் திறந்திருந்தது. தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. முன்கை இரண்டும் அவள் விரலைப் பற்றப் பார்த்தன. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

சின்னப்பொண்ணு குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். இருசம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சாலம்மாள் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கண்ணை அவள் தினமும் பார்க்கிறாள். கயிற்றுக் கட்டிலில், விடிந்ததும் முதலாவதாக, அந்தக் கண்ணைத்தான் பார்க்கிறாள்.

அதை முந்தானையில் ஏந்திக்கொண்டு, ஈரப்புடவையோடு பஸ் ஏறினாள். கண்டக்டர் டிக்கெட்டுக்குக் கை நீட்டியவன், முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனான். சின்னசேலத்தில் இறங்கும்போது முந்தானைக்குள் துடிப்பு நின்றிருந்தது.

மூன்று வருஷம் தவளை கொடுத்தவள், அந்தக் கொட்டகையை அன்றுதான் பார்த்தாள். உள்ளே நீளப் பலகையில் அரிவாள்மணை வரிசை. ஒரு கை தவளையை அழுத்தும், ஒரு தள்ளு, கால்கள் ஐஸ் பெட்டிப் பக்கம், மிச்சம் பின்பக்க ஜன்னல் வழியாக வெளியே. பின்பக்கம் போய்ப் பார்த்தாள். குவியல். அந்தக் குவியல் அசைந்துகொண்டிருந்தது! கையால் ஊன்றி, இல்லாத காலால் நகரப் பார்த்துக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக. காக்கைகள் அவசரமே இல்லாமல் தின்றுகொண்டிருந்தன.

இப்படிக் கிடந்து செத்தவற்றில் எத்தனை என் குரலை நம்பி வந்தவை? எத்தனை?

பச்சமுத்து நாற்காலியைவிட்டு எழவில்லை. "இன்னா சாலாக்கா, இம்மாந்தூரம்?"

அவள் முந்தானையை விரித்துக் காட்டினாள்.

"அட, இதுவா! சும்மா கேட்டாங்க, சும்மா குடுத்தேன். கால் எதுக்குக்கா ஒங்களுக்கு? சாமி இன்னா காலைப் பாத்துத்தான் மழை குடுக்குதா?" பலகையோரம் இருந்த ஆட்கள் சிரித்தார்கள்.

சாலம்மாள் முந்தானையை மூடிக்கொண்டாள். ஊர் திரும்பி, வறண்ட குட்டையின் கரையில் குழி பறித்து அதைப் புதைத்தாள். புதைத்துவிட்டுக் காலனிப் பெண்களை ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தாள். என்ன பேசினாள் என்று ஆண்களுக்கு அன்றைக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் மழை கொட்டியது. மலை மறைந்துபோகிற அளவுக்குக் கொட்டியது. விடிந்தபோது குட்டை நிறைந்திருந்தது. பதினைந்து இருபது பெரிய தவளைகள், அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே தப்பிப் பிழைத்தவை, மஞ்சள் பூசிய மாப்பிள்ளைகளாக வந்து கத்திக்கொண்டிருந்தன. இவை முட்டையிட்டால் ஊருக்குத் தவளை உண்டு. இன்றைக்கு இவையும் சாக்கில் போனால், அதோடு தீர்ந்தது.

அது பச்சமுத்துவுக்கும் தெரியும். காலை வெயில் வருவதற்குள் டெம்போ வந்து நின்றது. நாலு ஆட்கள், வலை, சாக்கு. நேராகச் சாலம்மாள் குடிசைக்கு வந்தான்.

"சாலாக்கா! குட்டையே மஞ்சக் குளிச்சாப்ல கெடக்குது. வலை போட்டா பாதி சேத்துல பூந்துக்கும். நீ வந்து நாலு கொரலு குடு. தானா கைக்கு வந்துடும். வா, வா."

கட்டிலில் அம்மாசி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வர்றேன்," என்றாள் சாலம்மாள். மூலையில் இருந்த உலக்கையை எடுத்தாள்.

"ஒலக்க எதுக்கு?"

"ஆழம் பாக்க."

கரையில் ஆட்கள் சாக்கைப் பிரித்து வைத்துக் காத்திருந்தார்கள். சாலம்மாள் தண்ணீருக்குள் இறங்கினாள். இடுப்பளவு வந்ததும் நின்றாள். பச்சமுத்து உதட்டில் விரல் வைத்து எல்லோரையும் அடக்கினான். அவள் உலக்கையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி, தண்ணீரில் ஓங்கி அடித்தாள்.

குட்டை அதிர்ந்தது. மஞ்சள் தலைகள் அத்தனையும் ஒரே நொடியில் மறைந்தன. மறுபடி அடித்தாள். மறுபடியும்!

"ஏய்! பைத்தியமா புடிச்சிருக்குது ஒனக்கு? குட்டைய ஏலம் எடுத்தவன் நானு!"

"மீனுக்கு எடுத்த. மீனப் புடி, போ. எந்த மீனாவது கத்துதா பாரு!"

வலையோடு ஓர் ஆள் இறங்கப் பார்த்தான். உலக்கை அவன் பக்கம் திரும்பியது. அவன் கரையேறினான். அதற்குள் கரை நிறையப் பெண்கள். இருசம்மாள் முன்னால், இருபது பேர் பின்னால். ஒவ்வொருத்தியாகப் புடவையை வாரிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, சாலம்மாளைச் சுற்றி வேலி மாதிரி நின்றார்கள்.

சற்று நேரத்தில் ராமசாமி குடையோடு வந்தார். கிணற்றில் ஒட்டியிருந்த தண்ணீரை இறைத்து அவர் நாற்று விட்டிருந்தார். மழைக்குக் காத்திருந்தே நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்றைக்கு நட்டால் உண்டு. நாற்றங்காலில் ஒருத்தியையும் காணாமல் தேடி வந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் பச்சமுத்துவுக்கு உயிர் வந்தது. குட்டையை அவனுக்கு ஏலத்தில் முடித்துக் கொடுத்ததே அவர்தான்.

"இன்னா சாலா, இது இன்னா கூத்து?" என்றார் ராமசாமி.

காலனி ஆட்கள் அவரை 'ஆண்ட' என்றுதான் கூப்பிடுவார்கள், குனிந்துகொண்டு. சாலம்மாள் நிமிர்ந்துகொண்டு கூப்பிட்டாள்.

"கூத்துதான் ஆண்ட! போன வருசம் ஒங்க வரப்புல நின்னு ஆபீசர் இன்னா சொன்னாரு? நானும் கேட்டுகினுதான் இருந்தேன். எனக்குப் புரியல, நான் தற்குறி. ஒங்களுக்குமா புரியல? அவுரு போனதும் சிரிச்சீங்களே! சிரிச்சிட்டு எம் புருசங்கையில வெசத்தக் குடுத்தீங்களே!"

"ஏய், வார்த்தைய அளந்து பேசு."

"களத்துல நெல்ல நீங்க அளந்தீங்க, நான் வாயத் தொறக்கல. இன்னிக்கு நான் பேசறத யாரும் அளக்க வாணாம்! எம் புருசங்காலு போச்சு. அடுத்த மருந்துக்கு யாரு காலப் பாத்து வெச்சிருக்கீங்க? எங்கொழுந்தன் இருசப்பங்காலா? இல்ல, ஒங்க புள்ளய எறக்குவீங்களா வெத்தொடம்போட?" குரல் உடைந்தது. உடைந்த குரலோடே பச்சமுத்து பக்கம் திரும்பினாள். "நீ சாமிக்கு அரைத் தவளையக் குடுத்தவன். ஒன்னச் சொல்லி இன்னா! கூப்புட்டுக் கூப்புட்டுக் காட்டிக்குடுத்தவ நானு. நானுந்தான் பாவி. என் நாக்கு அழுகட்டும். ஆனா இன்னிக்கு இதுல ஒண்ணு கொறஞ்சாலும், ஆண்ட, ஒங்க நாத்து நாத்தங்கால்லயே கெடந்து பழுக்கும். இருபது பேரு கையும் அதும்மேல படாது!"

பச்சமுத்து கைகொட்டிச் சிரித்தான். "தவளைக்கு ஸ்டிரைக்கா! பிரான்சுக்காரன் கேட்டா சிரிப்பான்!"

"சிரிக்கட்டும்," என்றாள் இருசம்மாள். "சிரிச்சிட்டு வந்து நாத்து நடச் சொல்லு அவன!"

ராமசாமி தூரத்தில் மஞ்சள் ஓடத் தொடங்கியிருந்த நாற்றைப் பார்த்தார். தண்ணீருக்குள் நிற்கிற இருபது பேரைப் பார்த்தார். அவர் மனம் மாறியது என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. கணக்குதான் மாறியது.

"பச்சமுத்து, இன்னிக்கு வண்டிய எடு."

"இன்னிக்கு மட்டும் இல்ல. என்னிக்கும்," என்றாள் சாலம்மாள்.

"சரி, என்னிக்கும். வந்து தொலைங்கடி நடவுக்கு!"

டெம்போ புளியமரத்துத் திருப்பம் தாண்டுகிற வரை அவள் கரையேறவில்லை.

அந்த வருஷம் குட்டை ஓரமெல்லாம் கரும்புள்ளிகளாகத் தலைப்பிரட்டைகள் நெளிந்தன. பச்சமுத்து பக்கத்து ஊர்களின் குட்டைகளை வழித்துக்கொண்டு போனான். அடுத்த வருஷம், வெளிநாட்டுக்குத் தவளைக்கால் அனுப்ப அரசாங்கம் தடை போட்டுவிட்டதாக ரேடியோவில் சொன்னார்களாம். ராமசாமி அதைத் தானே போட்ட சட்டம் மாதிரி வரப்பில் நின்று அறிவித்தார்.

"எங்க வூட்டுக்காரரு காலுக்கு எதனா சட்டம் வந்துதா ஆண்ட?" என்று கேட்டாள் சாலம்மாள், நாற்று முடியைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "ரேடியோவுல சொன்னா சொல்லுங்க."

அவருக்கு அவசரமாக வேறு வேலை வந்துவிட்டது.

ஒவ்வொரு முதல் மழைக்கும் அவள் உலக்கையோடு குட்டைக் கரையில் போய் உட்கார்ந்தாள். யார் கேட்டும் அதற்குப் பிறகு அவள் தவளைக் குரல் கொடுத்ததில்லை. ஒரே ஒருமுறை அம்மாசி கேட்டான். குட்டையில் கத்தல் காதைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அவன் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சாலா, ஒருக்கா கூப்புடேன்டி. கேக்கணும் போல இருக்குது."

கையைக் குவித்தாள். குரல் வரவில்லை. கையைப் பிரித்துவிட்டாள்.

வெளியே ஒரு தவளை கனமாகக் குரல் கொடுத்தது.

"ம்ஹூம், ஒன் அளவுக்கு இல்ல அவன்," என்றான் அம்மாசி.

"வாய மூடுய்யா," என்றாள். உணர்ச்சியில்லாத அந்தக் காலை, நோகுமோ என்று பயப்படுகிறவள் போல, மெல்லத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.